வன்னியில் நின்றுபோன மொறிஸ் மைனரை மறுபடி ஓடவிடுவது எப்படி

கொட்டிலுக்குள் தறப்பாள் மூடிக் கிடக்கும் மொறிஸ் மைனரை ஓடவைக்க நினைப்பவர்கள் முதலில் செய்வது, புதுப் பற்றறி ஒன்றை வாங்கிவந்து பூட்டி ஸ்ராட்டரை இழுத்துப் பார்ப்பதுதான். அதைச் செய்யவேண்டாம். தெற்கிலே பத்து வருடம் நின்ற மைனருக்கு அது சரிவரலாம். வன்னி மைனர் வேறு சாதி. அது மண்ணெண்ணெயில் ஓடிய கார். மண்ணெண்ணெயில் ஓடுவதற்காக அந்தக் காலத்து மெக்கானிக்மார் அதன் குழாய், கஸ்கற், தீப்பொறி நேரம் எல்லாவற்றையும் மாற்றியிருப்பார்கள். அந்த மாற்றங்களோடு பெற்றோலை ஊற்றினால் நல்லபடியாகப் போனால் கார் ஓடாது. கெட்டபடியாகப் போனால் பொனற்றுக்குள் தீப்பிடிக்கும். ஆகவே முதலில் அந்த மாற்றங்களைக் கண்டுபிடித்துக் களையவேண்டும், பிறகுதான் கைநூலில் உள்ள அளவுகள்.

இது எப்படி வந்தது

1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் முதன்முதலாக வைக்கப்பட்டது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரிக் கார் ஒடுங்கலாய்த் தெரிகிறது என்று அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவே 4 அங்குலம் சேர்த்து அகலமாக்கினார். பொனற்றின் நடுவில் ஓடுகிற அந்தத் தட்டையான பட்டி அதன் அடையாளம், தடவிப் பார்த்தால் கையில் தட்டும். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் இரும்புத் தகடு பங்கீட்டில் இருந்தது. கூடுதலாக ஏற்றுமதி செய்யும் கம்பனிக்கே கூடுதல் தகடு கிடைத்தது. இடப்பக்கமாக ஓட்டுகிற, வலப்பக்கம் ஸ்ரியறிங் உள்ள இலங்கை போன்ற நாடுகள் அவர்களுக்கு வாய்ப்பான சந்தை. 1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒரே நிறுவனமானபோது ஒஸ்ரினின் ஏ சீரீஸ் எஞ்சின் மைனருக்குள் வந்தது. 1960இன் கடைசியில் பத்து இலட்சமாவது மைனர் கட்டி முடிந்தது. எந்தப் பிரித்தானியக் காரும் அதற்குமுன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

இங்கே கதை வேறு பக்கம் திரும்பியது. 1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி இறுகிவிட்டது. 1977இல் சந்தை திறக்கும்வரைக்கும் இருந்த காரைத்தான் வைத்திருக்க வேண்டும். 1977க்குப் பிறகு யப்பான் கார்கள் வந்து நிறைந்தன. வடக்குக்கு அந்த மூச்சும் நீளவில்லை. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதோடு எரிபொருள், பற்றறி உட்பட நீண்டதொரு பட்டியலுக்குத் தடை. யப்பான் கார்கள் கொட்டிலுக்குப் போக, ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியவை மண்ணெண்ணெயில் தெருவுக்கு வந்தன. பழைய எஞ்சினில் அமுக்கம் (சிலிண்டருக்குள் வாயுவை நெருக்கும் அளவு) குறைவு என்பதே காரணம். 918 சி.சி. எஞ்சினில் 6.6 அளவுதான், 803இல் 7.2. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சினில் அது நேரத்துக்குமுன் வெடித்து பிஸ்ரனை அடிக்கும்.

உங்களிடம் இருப்பது எது

முன் லைற்றுகள் கிறில்லுக்குள் தாழ இருந்தால் அது முதல் வகை, 918 சி.சி. பக்க வால்வு எஞ்சின். முன் கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் 1956க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் மைனர் 1000. அதில் 948 சி.சி. எஞ்சின், 1962இலிருந்து 1098. கதவுத் தூணிலிருந்து கை நீட்டுவதுபோல வெளியே வரும் சிக்னல் இருந்தால் 1961க்கு முந்தியது. இலக்கத் தகடும் உதவும். ஆங்கில எழுத்து இரண்டோடு, ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று இருந்தால் அது ஸ்ரீக்கு முந்திய பதிவு. 1957இல் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதிய போராட்டம் நடந்ததும் அந்தக் காலத்தில்தான்.

ஆனால் உடம்பு ஒன்று, எஞ்சின் இன்னொன்றாக இருப்பது வன்னியில் சாதாரணம். எஞ்சின் இலக்கத்தை டைனமோவுக்குச் சற்று மேலே, புளொக்கில் அடித்திருக்கும் சின்னத் தகட்டில் பாருங்கள். கிறீஸைச் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் எழுத்து எழும்பும். 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்றால் 1098. அதன்பின் வரும் எழுத்துகளில் எச் இருந்தால் கூடிய அமுக்கம், எல் இருந்தால் குறைந்த அமுக்கம். இந்த ஓர் எழுத்தைக் குறித்து வையுங்கள், கீழே தேவைப்படும்.

இந்த இலக்கத்தையும் செஸி இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்திருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிரதி கேட்கவேண்டும். எஞ்சின் மாறியது புத்தகத்தில் ஏறாவிட்டால் பிரதேச செயலகத்தில் வரிப் பத்திரம் எடுக்கும்போதோ விற்கும்போதோ சிக்கும். புத்தகம் சரியான பின்தான் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும்.

இன்னொன்று. கார் நிற்பது வீட்டு வளவுக்குள் அல்ல, 2009க்குப் பின் யாரும் துப்புரவாக்காத காணியில், பற்றைக்குள் என்றால் அதற்குக் கிட்டப் போகவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றியவர்கள் காணியை விடுவித்துவிட்டார்கள் என்று கிராம அலுவலரிடம் உறுதி செய்யுங்கள். முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரை மணலில் கிடந்து எடுத்த கார் என்றால் உப்பு செஸியைத் தின்றிருக்கும். அப்படியானதை உதிரிப்பாகத்துக்கு வைத்துக்கொள்வதே புத்தி.

மண்ணெண்ணெயின் தடங்கள்

பொனற்றைத் திறந்து, எதையும் தொடாமல் பத்து நிமிடம் பாருங்கள்.

முதலாவதாக எரிபொருள் குழாய். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. சூடாக்கித்தான் காபரேற்றருக்கு அனுப்பவேண்டும். அதற்காகச் செப்புக் குழாயை எக்சோஸ் மனிஃபோல்டைச் சுற்றி மூன்று நான்கு சுற்று வளைத்துவிடுவார்கள். பெற்றோலுக்கு இது எமன். குழாய்க்குள்ளேயே பெற்றோல் கொதித்து ஆவியாகி, சூடான எஞ்சின் நின்றுவிடும். முப்பது வருடக் குழாயில் வெடிப்பு இருந்தால் சிவந்த இரும்பில் பெற்றோல் சொட்டும். அந்தச் சுற்றை முழுதாக வெட்டி எறிந்து, பம்பிலிருந்து காபரேற்றர் வரைக்கும் புதிய பெற்றோல் ஹோஸ் போடுங்கள், மனிஃபோல்டுக்குக் கிட்டப் போகாமல்.

இரண்டாவது, கூடுதல் தாங்கி. மண்ணெண்ணெயில் ஸ்ராட் வராது என்பதால் பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பல்க்ஹெட்டில் (எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவர்) கட்டிய சின்னப் பிளாஸ்ரிக் போத்தல், ஒரு ரி வடிவக் குழாய், திருகுகிற வால்வு, சில இடத்தில் சேலைன் குழாய். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, ஃபுளோற் கிண்ணத்தில் பெற்றோல் நிறைந்தபின்தான் நிறுத்துவார்கள். அதை மறந்தால் மறுநாள் காலை கிண்ணத்தைக் கழற்றி ஊற்றவேண்டும். கெட்டிக்கார வேலை, மறுப்பதற்கில்லை. இப்போது அந்தக் குழாய்கள் எல்லாம் உக்கியிருக்கும். முழுவதையும் அகற்றி, துளைகளை அடையுங்கள்.

மூன்றாவது, றேடியேற்றர். எஞ்சின் சூடாக இருந்தால்தான் மண்ணெண்ணெய் எரியும். அதற்காகத் தகரத் துண்டால் றேடியேற்றரின் பாதியை மறைத்திருக்கலாம். கிறில்லுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள்.

நான்காவது, ஹெட் கஸ்கற். எஞ்சின் இலக்கத்தில் எச் இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். ஹெட்டும் புளொக்கும் சேரும் விளிம்பை வயர் பிறஷ்ஷால் தேய்த்துவிட்டு ரோச் அடித்தால் ஒரு மெல்லிய கோடு தெரியவேண்டும். இரண்டு கோடு தெரிந்தால் அமுக்கத்தைக் குறைக்க இரண்டு கஸ்கற் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்டது பெற்றோலில் ஓடும், ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இரண்டு கஸ்கற்றுக்கும் இடையால் தண்ணீர் கசியும். ஹெட்டைக் கழற்றி ஒற்றைக் கஸ்கற் போடவேண்டும். நடு நட்டில் தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று தடவையில், கடைசி இறுக்கம் 40 இறாத்தல் அடி. ஹெட் கழன்ற கையோடு எக்சோஸ் வால்வுகளில் படிந்த கரியைச் சுரண்டி, கிறைன்டிங் பேஸ்ற் போட்டு அரைத்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடியதில் கரி குறைவாக இருக்காது.

ஐந்தாவதுதான் பெரிய சேதம். அது வெளியில் தெரியாது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே ஒயிலோடு சேரும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்தால் நல்லது என்று சொல்லுகிற ஒரே இடம் இதுதான். மேல் கோட்டையும் தாண்டி நின்றால் அதில் மண்ணெண்ணெய் இருக்கிறது. ஒரு சொட்டைப் பழைய பத்திரிகைத் தாளில் விட்டு அரை மணி நேரம் வையுங்கள். நல்ல ஒயில் கறுப்புப் பொட்டாகவே நிற்கும். கலந்தது என்றால் பொட்டைச் சுற்றி எண்ணெய் வளையம் அகன்று பரவும், மணமும் காட்டிக்கொடுக்கும். அந்த ஒயிலோடு எஞ்சினை ஓடவிடவேண்டாம். பெயாரிங்குகள் ஏற்கெனவே அதனால் தேய்ந்தவை.

கடைசியாக, தீப்பொறி நேரம். மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டாமல் இருக்க டிஸ்ரிபியூற்றரைப் பின்னுக்குத் திருப்பியிருப்பார்கள். அதை எப்படித் திருத்துவது என்பது கீழே.

எஞ்சினை விடுவித்தல்

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் கியர் ஒயிலும் டீசலும் சரிபாதி கலந்து இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு முன் பம்பருக்கு மேலால் கைபிடியைச் செருகிச் சுற்றலாம். மைனருக்கு அந்தத் துளை இருக்கிறது. கைபிடி தொலைந்திருந்தால் ரொப் கியரில் போட்டு, பின்பக்கம் நின்று காரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அசையாவிட்டால் இன்னும் ஒரு கிழமை. நீளமான பைப்பைப் போட்டு வலிந்து திருகினால் ஒட்டிய பிஸ்ரன் றிங் உடைந்துபோகும்.

சுற்றத் தொடங்கியதும் பழைய ஒயிலைச் சூடில்லாமலே இறக்கி, ஃபில்ற்றரை மாற்றுங்கள். கிண்ண வகை ஃபில்ற்றரில் எல்லாரும் விடும் பிழை ஒன்று உண்டு. மேலே உள்ள பள்ளத்தில் பழைய றப்பர் வளையம் கல்லாகி ஒட்டியிருக்கும். அது வளையம் என்றே தெரியாமல், அதன்மேல் புதியதை வைத்து இறுக்குவார்கள். ஸ்ராட் எடுத்த ஒரு நிமிடத்தில் முழு ஒயிலும் தரையில். கூரான ஊசியால் பழையதைக் கிளறி எடுத்தபின் புதியது. ஒயில் 20டபிள்யூ-50 கனிம ஒயில், ஃபில்ற்றரோடு சுமார் 3.7 லீற்றர். வன்னி வெயிலுக்கு இதைவிட மெல்லியது வேண்டாம்.

பிளக் இல்லாமலே ஸ்ராட்டரால் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றி, ஒயில் லைற் அணையும்வரை பாருங்கள். அணைந்தால்தான் பம்ப் ஒயில் இழுக்கிறது. பிறகு 803, 948, 1098 எஞ்சின்களுக்கு வால்வு இடைவெளி 0.012 அங்குலம், குளிர்ந்த எஞ்சினில். ஒன்பது கணக்கு சுலபமானது: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யலாம், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

அமுக்கத்தை அளக்கும்போது திறொட்டிலை முழுதாகத் திறந்து வையுங்கள். இலக்கம் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். பத்து வீதத்துக்குமேல் ஒன்று குறைந்தால் அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கவும். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு.

பிளக் வாங்கும்போது கவனம். 803, 948, 1098 மூன்றுக்கும் நீண்ட திரெட் உள்ள என்.ஜி.கே. பி.பி.6.ஈ.எஸ். பொருந்தும், இடைவெளி 0.025 அங்குலம். 918 பக்க வால்வு எஞ்சினுக்கு அதைப் போடவே கூடாது, கட்டைத் திரெட் பிளக்தான்.

பம்பும் காபரேற்றரும்

தாங்கி டிக்கிக்குக் கீழே, பிந்திய கார்களில் 29 லீற்றர் அளவு. கழற்றி, அடிச் சகதியை ஊற்றி, கையளவு சிறு ஜல்லியும் கொஞ்சம் பெற்றோலும் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். மண்ணெண்ணெய் நின்ற தாங்கியின் சுவரில் அரக்குப் போல ஒரு படலம் இருக்கும். அது பெற்றோலில் மெல்லக் கரைந்து மாதக்கணக்காகக் காபரேற்றரின் ஜெற்றை (பெற்றோல் வரும் சிறு துளை) அடைக்கும். ஒருநாள் வேலையை மிச்சம்பிடிக்கப் போய் பாதித் தெருவில் நிற்கவேண்டாம்.

எஸ்.யூ. மின் பம்ப் பல்க்ஹெட்டில் இருக்கிறது. சாவியைத் திறந்ததும் டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிறைந்ததும் அமைதியாகவேண்டும். சத்தமே இல்லை என்றால் மூடியைக் கழற்றி உள் பொயின்ற்றுகளுக்கிடையே ஒரு மட்டைத் தாளை இழுத்துத் துடையுங்கள், பாதிக்கு அது போதும். நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கிப் பக்கக் குழாயில் காற்று இழுக்கிறது, அல்லது எங்கோ பெற்றோல் ஒழுகுகிறது. முதலில் இரண்டாவதைத் தேடுங்கள்.

எஸ்.யூ. காபரேற்றரின் உள்ளே அதே அரக்குப் படலம். கழற்றித் தின்னரில் ஊறவைத்து, ஃபுளோற் ஊசி, ஜெற், மேல் உருளை எல்லாம் துடைக்கவேண்டும். உருளையின் உட்புறத்தில் எமரித் தாள் படவே கூடாது, துணி மட்டும். முந்திய வகையில் ஜெற்றைச் சுற்றித் தக்கை வாஷர் இருக்கும். காய்ந்த தக்கை அடியால் ஒழுகும். புதியதை அரை மணி நேரம் ஒயிலில் ஊறவைத்துப் போடுங்கள். பூட்டியபின் ஜெற்றை முழுதாக மேலே ஏற்றி, பிஸ்ரனை விரலால் தூக்கி விடுங்கள். டக் என்ற சத்தத்தோடு விழவேண்டும். சத்தமில்லாமல் வழுக்கி இறங்கினால் ஊசி ஜெற்றில் உரசுகிறது, ஜெற்றை நடுப்படுத்தவேண்டும்.

தொடக்க அளவுக்கு ஜெற் நட்டை மேல்வரை திருகி, அங்கிருந்து 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்குங்கள். மண்ணெண்ணெய்க் காலத்து அளவு இதைவிடக் கீழே இருந்திருக்கும், அதை மறந்துவிடுங்கள். எஞ்சின் சூடேறியபின் பிஸ்ரனை மெல்லிசாக, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்க்கவேண்டும். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெற்றோல் கூட, ஒரு பட்டை மேலே. எஞ்சின் நிற்கப் பார்த்தால் பெற்றோல் காணாது, ஒரு பட்டை கீழே. ஒரு கணம் ஏறித் திரும்பினால் அதுதான் சரி. மேல் மூடிக்குள் மெல்லிய ஒயில் ஊற்ற மறக்கவேண்டாம். மூடியை அமுக்கும்போது கடைசி கால் அங்குலத்துக்குமுன் கையில் தடுப்பு உணரவேண்டும். ஒயில் இல்லாவிட்டால் அக்சிலறேற்றரை மிதித்ததும் கார் இருமும்.

டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், எரியும் வரிசை 1-3-4-2. கிராங்க் கப்பியில் உள்ள வெட்டை, முன்மூடியில் உள்ள கூர்முனைகளில் உச்சப் புள்ளிக்கும் அடுத்த 5 பாகைக்கும் நடுவே நிறுத்தி, பொயின்ற் அப்போதுதான் பிரியும்படி டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி இறுக்குங்கள். பிறகு தெருவில் சோதனை. ரொப் கியரில், குறைந்த வேகத்தில், குளக்கட்டு ஏற்றம் போல ஓர் இடத்தில் அழுத்தி மிதிக்கும்போது சில்லறை குலுக்கும் சத்தம் கேட்டால் ஒரு மயிரிழை பின்னுக்கு. 92 ஒக்ரேன் பெற்றோல் இந்த எஞ்சின்களுக்குப் போதும். ஈயம் சேர்த்த பெற்றோல் இலங்கையில் 2002இலேயே நின்றுவிட்டது. அதனால் வால்வு இருக்கை தேயும் என்று பயமுறுத்துவார்கள். 40 மைல் வேகத்தில் ஓடுகிற காருக்கு வருடம் ஒருமுறை வால்வு இடைவெளி பார்ப்பதே போதும். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பற்றறி தலைகீழ்

மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தது பொசிற்றிவ் ஏர்த்தோடு. சிவப்பு முனைதான் உடம்புக்குப் போகும். இன்றைய இளம் மெக்கானிக் பழக்கதோஷத்தில் மாறிப் பூட்டிவிடுவார், பழி அவர்மேல் இல்லை. சில கார்கள் ஏற்கெனவே நெகற்றிவுக்கு மாற்றப்பட்டவை. எது என்று பார்க்க, உடம்புக்குப் போகும் பட்டியின் கிளிப் வளையத்தைப் பாருங்கள். பற்றறியின் பொசிற்றிவ் முனை சற்றுப் பருமன், பெரிய வளையம் உடம்புப் பட்டியில் இருந்தால் அது பழைய பொசிற்றிவ் ஏர்த் பூட்டு.

நெகற்றிவுக்கு மாற்ற விரும்பினால் (எல்ஈடி லைற், ஃபோன் சார்ஜர் வேண்டுமென்றால் மாற்றத்தான் வேண்டும்) பற்றறியைத் திருப்பி, கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றி, டைனமோவுக்குப் புது முனை கற்பிக்கவேண்டும். எஞ்சின் நின்றபடி, டைனமோவின் எஃப் முனையில் உள்ள வயரைக் கழற்றிவிட்டு, பற்றறியின் உயிர் முனையிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை மூன்று தடவை சட்டுச் சட்டென்று தொடுங்கள். சின்னப் பொறி பறக்கும். இதைச் செய்யாமல் ஓட்டினால் டைனமோ எதிர்ப்பக்கம் மின் தந்து கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கருக்கும்.

வயரிங்கை எலி தின்றிருந்தால் துண்டு துண்டாக ஒட்டுவதைவிட முழுதாக இழுப்பது மலிவு. லூக்காஸ் நிறக்கணக்கு: மண்ணிறம் பற்றறியிலிருந்து நேராக, வெள்ளை சாவிக்குப் பின், பச்சை ஃபியூசுக்குப் பின், நீலம் முன் லைற், கறுப்பு ஏர்த். ஃபியூஸ் இரண்டே இரண்டுதான், அவற்றில் கம்பி சுற்றியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

சில்லு கழன்று விழுவதும் பிறேக் பிடிக்காததும்

மைனரில் ஆளைக் கொல்லக்கூடியது ஒன்று உண்டென்றால் அது முன் சில்லின் கீழ் ட்றனியன். நிமிர்ந்து நிற்கும் சுவிவல் பின்னின் அடியில் திரெட் போட்டு ஏற்றியிருக்கும் துண்டு. முழுப் பாரமும் அந்தத் திரெட்டில் நிற்கிறது. கிறீஸ் இல்லாமல் கிரவல் தெருத் தூசி உள்ளே போனால் அது எமரி பேஸ்ற் ஆகி, திரெட்டை அரைத்து, ஒருநாள் வளைவில் சில்லு மட்காட்டுக்குக் கீழ் மடிந்துவிடும். முன் அறிவித்தல் கிடையாது.

சோதிக்க: குறோஸ் மெம்பரில் ஜக் வைத்து, சில்லைத் தூக்கி, ரயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு ரயருக்குக் கீழே ஓர் அலவாங்கைக் கொடுத்து மேல்நோக்கி நெம்ப, இன்னொருவர் ட்றனியனில் விரல் வைத்திருக்கவேண்டும். டொக் என்று தட்டினால் தேய்ந்துவிட்டது. பின்னும் ட்றனியனும் சோடியாக மாற்றவேண்டும். பழைய பின்னில் புது ட்றனியன் போட்டால் ஆறு மாதத்தில் மறுபடி அதே நிலை. கிறீஸ் அடிப்பது சில்லு தரையில் நிற்கும்போதல்ல. பாரம் நிற்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. தூக்கி வைத்து, மேலும் கீழும் உள்ள நிப்பிள்களில் பழைய கறுப்புக் கிறீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை அடியுங்கள். கைநூல் 1000 மைல் என்று சொல்லும், கிரவல் தெருவுக்கு 500. மாரிக்குப் பின் ஒருமுறை கட்டாயம்.

பிறேக்கில் உள்ளே எதை ஊற்றி ஓட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தட்டுப்பாட்டில் கிடைத்ததை ஊற்றிய காலம். அதனால் மாஸ்ரர் சிலிண்டர், முன் சில்லுக்கு இரண்டாக நான்கு, பின்னுக்கு இரண்டு, எல்லா றப்பரையும் நெகிழ் ஹோஸ்களையும் மாற்றி, இரும்புக் குழாய்களை மெதிலேற்றட் ஸ்பிரிற்றால் கழுவி, டொட் 3 அல்லது 4 பிறேக் திரவம் ஊற்றுங்கள். மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில் செஸிக்குள் ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் சின்ன மூடி. அதைப் பார்க்காமலே பல வருடம் ஓட்டியவர்கள் உண்டு. கழற்றும்போது டோர்ஷன் பார் (முன் சில்லுக்கு ஸ்பிறிங்காக இருக்கும் முறுக்குக் கம்பி) போல்ற்றுக்கு வழிமறிக்கும். பார் முறுக்கத்தில் இருக்கிறது, அதைத் தெரியாமல் தளர்த்தினால் கை முறியும். இந்த ஒன்றைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்த இடத்தில்தான் செஸியும் துருப்பிடிக்கும். ஸ்குறூ டிறைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் வெல்டிங் முதல், மற்றதெல்லாம் பிறகு. காற்று எடுக்கும்போது மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடப்பக்கத்தில் தொடங்கி, முன் வலப்பக்கத்தில் முடியுங்கள்.

தண்ணீர், கியர் ஒயில், ஸ்பனர்

கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றரில் ஊற்றவேண்டாம், கேத்தலுக்குள் படிகிற வெள்ளை அங்கேயும் படியும். மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீரில் கூலன்ற் கலந்து சுமார் ஐந்தரை லீற்றர். அதற்குமுன் புளொக்கின் பின்பக்கத்தில் உள்ள வடிகுழாயைத் திறந்து கம்பியால் குத்துங்கள். தண்ணீர் வராமல் சேறு நின்றால் நான்காவது சிலிண்டர் எப்போதும் சூடேறும். றேடியேற்றர் மூடி 4 அல்லது 7 இறாத்தல், யப்பான் காரின் 13 இறாத்தல் மூடி பழைய றேடியேற்றரைப் பிளக்கும்.

கியர்பெட்டிக்கு எஞ்சின் ஒயில்தான், எஸ்.ஏ.ஈ. 30, சுமார் 1.3 லீற்றர். தொண்ணூறு ஒயில் ஊற்றினால் கியர் இறுகும், உள்ளே உள்ள வெண்கலப் புஷ்களுக்கும் ஆகாது. தொண்ணூறு ஒயில் பின் அச்சுக்கு மட்டும், 0.85 லீற்றர்.

மெற்றிக் ஸ்பனரோடு இந்தக் காரில் கை வைத்தால் நட் எல்லாம் உருண்டைதான். அரை அங்குல நட் 12.7 மில்லிமீற்றர். 13 ஸ்பனர் அதில் பிடிப்பதுபோல் பிடித்து, துருப்பிடித்த நட்டில் வழுக்கும். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 அங்குல ஸ்பனர் ஐந்து வாங்குங்கள். 918 எஞ்சின் என்றால் விற்வேர்த் அளவும் தேவைப்படும்.

உதிரிப்பாகம் குறித்துப் பயப்படத் தேவையில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் திருத்தகம் நடத்திய சார்ள்ஸ் வேர் 1990களில் மைனர் பாகங்கள் செய்யும் தொழிலொன்றை இலங்கையிலேயே தொடங்கினார். இங்கே செய்த தகடுகள் இங்கிலாந்துக்கே போயின. கஸ்கற், றப்பர், ட்றனியன் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கேட்டால் கிடைக்கும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், வாயால் சொல்லி வாங்கியது பொருந்தாது. அங்கே எவராவது டட்சன் எஞ்சின் ஏற்றச் சொல்லிப் பேசத் தொடங்குவார். அது ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் பதிவுப் புத்தகமும் பழைய பிறேக்கும் அதற்கு ஈடுகொடுக்காது.

முதல் ஓட்டம் முடிந்து 300 மைலில் ஒயிலை மறுபடி மாற்றுங்கள். பழைய மண்ணெண்ணெயும் கரியும் மூலைமுடுக்கிலிருந்து கழுவிக்கொண்டு வந்திருக்கும். இறக்கிய ஒயிலில் ஒரு சொட்டைத் தாளில் விட்டு, முன்பு விட்ட சொட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளையம் இன்னும் அகன்றால் இப்போது கலப்பது பெற்றோல், ஃபுளோற் ஊசியோ ஜெற்றோ இன்னும் கூட விடுகிறது. ஹெட் நட்டுகளையும் அன்றைக்கே, எஞ்சின் குளிர்ந்தபின், மறுபடி 40க்கு இறுக்கி வால்வு இடைவெளியைத் திரும்பப் பாருங்கள்.